வாங்க என்று சொல்லாத வீடு

எங்கள் மல்லசமுத்திரம் பக்கத்தில் வாசலுக்கு ஆள் வந்தால் "வாங்க" என்று சொல்லியாக வேண்டும். பத்துப் பேர் வந்தால் பத்துத் தடவை, ஒவ்வொரு முகத்தையும் பார்த்துத் தனித்தனியாக. ஒருத்தரை விட்டுவிட்டால் அவர் பேரன் காலம் வரைக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. திருட வந்தவனையே "வாங்க, சாப்பிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு, அப்புறம் தென்னை மரத்தில் கட்டிவைத்த ஊர் இது.

கொரோனா வந்த வருஷம் அரசாங்கம் ஆட்டோவில் குழாய் கட்டி, "யாரையும் வீட்டுக்குள் விடாதீர்கள்" என்று தெருத் தெருவாகச் சொன்னது. எங்கள் தெருவில் நாலு வீட்டுக்காரர்கள் அந்த ஆட்டோவை நிறுத்தி, "வாங்க, வெயில்ல கத்தறீங்க, உள்ள வந்து மோர் குடிங்க" என்றார்கள்.

என் மருமகள் வசந்தாமணிக்கு இதில் சிரிக்க ஒன்றும் இல்லை. பேத்தி தனப்பிரியா தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள், நிறைமாசம். இந்த நிலையில் அந்தக் காய்ச்சல் ஒட்டினால் தாய்க்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து என்று நர்ஸ் சொல்லியிருந்தார். என் மகன் கதிர்வேலோ லாரியோடு நாக்பூரில் மாட்டிக்கொண்டான். சொந்தபந்தம் முழுக்கப் பேத்திக்குக் கட்டுச்சோறு கொண்டுவரத் துடித்துக்கொண்டிருந்தது.

"வராதீங்கன்னு சொல்லிப்போடு, சாமி" என்றேன்.

"வாயில வரமாட்டேங்குதுங்க மாமா."

கண்ணாடி முன்னால் நின்று பழகியும் பார்த்தாள். "வரா..." என்று ஆரம்பிப்பாள். நாக்கு பாதியில் திரும்பி "வாங்க" என்று முடித்துவிடும்.

அந்தச் சமயத்தில் எதிர்வீட்டுக் கைலாசம் போர்வெல் போடுகிற ரிக் வண்டியோடு ராய்ப்பூரிலிருந்து திரும்பினான். சுகாதாரத் துறை ஆள் வந்து அவன் கதவில் ஸ்டிக்கர் ஒட்டினார்: 'தனிமைப்படுத்தப்பட்ட வீடு. உள்ளே நுழையாதே.' அதன் பிறகு அந்த வீட்டுக் கூரையில் காக்காய்கூடக் கரையவில்லை. கெடு முடிந்து அவன் அதை உரித்தபோது, வசந்தாமணி ரோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று கத்தினாள்.

"ஏனுங்ண்ணா, கசக்கிப்போடாதீங்க! காம்பவுண்டு மேல வெச்சுட்டு அக்கட்ட போங்க!"

நன்றாக வெயிலில் காயவிட்டு, மைதாப் பசை தடவி எங்கள் கதவில் ஒட்டினாள். தினமும் புதுப்பசை வேறு. பிள்ளையாருக்குக்கூட அவள் அத்தனை கவனம் எடுத்ததில்லை.

முதலில் வந்தவள் என் மூத்த மகள் ராஜம்மாள். பள்ளிபாளையத்தில் வாழ்க்கைப்பட்டவள். கட்டுச்சோற்றுத் தூக்குப்போசியோடு வாசலில் நின்று படித்தாள்.

"ஏப்பா, இதென்ன கருமம்? நுழையாதேன்னு மருவாதியில்லாம எழுதியிருக்குது!"

"அரசாங்கம் எழுதுனது, சாமி. அதுக்குப் பெரியவங்க, சின்னவங்க தெரியாது."

உள்ளேயிருந்து நாத்தனாரை வரவேற்று வசந்தாமணியின் குரல் தன்னால் வந்தது. "வாங்க நங்கை!"

ராஜம்மாள் தூக்கிய காலைத் தூக்கியபடியே நின்றாள். "கதவு நுழையாதேங்குது, தம்பி பொண்டாட்டி வாங்கங்கறா. நான் ஆரு பேச்சைக் கேக்கறது?"

அப்புறம் அழுகிற குரலில் பதில் வந்தது: "வாங்கன்னது பழக்கமுங்க நங்கை. ஒட்டுனதுதான் நெசம்."

போசியைச் சுவர்மேல் வைத்துவிட்டுப் போனவள், ரெண்டு நாள் கழித்துப் போன் செய்தாள். "அப்பா, ரசத்துல வாசமே தெரியலீங்க. எனக்கும் வந்துருச்சு. நல்லவேளை, உள்ள வரல." மூக்கை உறிஞ்சிவிட்டு, "அந்த ஸ்டிக்கர் எங்க கெடைக்குமுங்க?" என்றாள்.

பேச்சு பரவியது. ஊரே ஸ்டிக்கர் கேட்டது. திருச்செங்கோட்டில் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற ஒருவர் கல்யாணமே இல்லாமல் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். அவர் பிள்ளையார் சுழி போட்டு, நாலு மூலையிலும் மஞ்சள் வைத்து, 'தாங்கள் சுற்றமும் நட்பும் சூழ வராமலிருந்து எங்களைச் சிறப்பிக்க வேண்டுகிறோம். தங்கள் நல்வரவை இப்போதைக்கு விரும்பாத...' என்று கீழே வீட்டார் பெயர்களை வரிசையாக அடித்துக் கொடுத்தார். ஒரே வாரத்தில் எல்லாக் கதவிலும் ஏறிவிட்டது.

கொரோனாவும் எங்கள் ஊருக்கு வரத்தான் வந்தது. நானே பார்த்தேன். முதல் வீட்டு முன்னால் நின்றது. யாரும் வாங்க என்று சொல்லவில்லை. கடைசி வீடு வரைக்கும் போய்ப் பார்த்தது. ரோஷக்கார வைரஸ், முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு திரும்பிவிட்டது. இன்றைக்கும் எங்களோடு பேச்சுவார்த்தை கிடையாது.

தனப்பிரியாவுக்கு வலி கண்டபோதுதான் சிக்கல். கூப்பிட்ட ஆட்டோக்காரர் கதவைப் பார்த்துவிட்டு ரோட்டிலேயே நின்றுகொண்டார்.

"வாங்கண்ணா! வாங்க!" என்று அலறினாள் வசந்தாமணி.

"நீங்க பழக்கத்துல சொல்றீங்கம்மா. ஒட்டுனதுதான் நெசம்."

நான் ஓடிப்போய் ஸ்டிக்கரை உரித்து வீசினேன். அப்புறம்தான் ஆட்டோவை வாசலுக்குக் கொண்டுவந்தார். வீசியது எங்கே விழுந்தது என்று ஆஸ்பத்திரியில்தான் தெரிந்தது. ஆட்டோ சீட்டில் விழுந்திருக்கிறது; அதன்மேல் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறேன்; அன்றைய புதுப்பசை. ஆஸ்பத்திரி வாசலில் தேர்க்கூட்டம் போல நெருக்கியடித்துக்கொண்டிருந்தவர்கள் என் முதுகைப் படித்ததும் ரெண்டாகப் பிரிந்தார்கள். ஒருத்தர் மூச்சும் மேலே படாமல் பேத்தி உள்ளே போய்ச் சேர்ந்தாள்.

பெண் பிள்ளை. தாயும் சேயும் சுகம். துணியில் சுற்றிக் கொண்டுவந்து கையில் கொடுத்ததும், வசந்தாமணி முகக்கவசத்துக்குள்ளிருந்து ஆரம்பித்தாள்.

"வாங்க சாமி. வாங்க. வாங்க..."

நிறுத்தவேயில்லை. ராஜம்மாளுக்கு அப்புறம் வந்த சொந்தங்களுக்கெல்லாம் சொல்லாமல் அடக்கிவைத்தது அத்தனையும் வந்துகொண்டிருந்தது. கொள்ளுப்பேத்தி அழுகையை நிறுத்திவிட்டு, வந்தவர்கள் செய்கிற முறைப்படி, ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டி வாங்கிக்கொண்டாள்.