வெடியுப்புப் பற்பசை

பலவேசத்தின் பல் கூச்சத்தால் மகள் கல்யாணமே தட்டிப்போனது என்றால் நம்புவீர்களா? போன மாசம் பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் ஐஸ் போட்ட நன்னாரி சர்பத்தை ஒரு வாய் குடித்தார், முகம் அஷ்டகோணலானது. பெண்ணின் அப்பாவுக்கு மாப்பிள்ளையைப் பிடிக்கவில்லை என்று அவர்கள் எழுந்து போய்விட்டார்கள். பாவி மனுஷன், பல் வலி என்று வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம்.

இந்தத் தடவை வரப்போவது மகள் பிரீத்திகாவுக்கே பிடித்துப்போன பையன், காரியாபட்டி ஹரிஷ்குமார். இதையும் கெடுத்தால் ஜென்மத்துக்கும் பேசமாட்டேன் என்று அவள் பல் டாக்டர் எழுதிக்கொடுத்த பற்பசையை வாங்கிவந்து நீட்டினாள்.

அட்டையில் 'பொட்டாசியம் நைட்ரேட்' என்றிருந்தது. பலவேசம் சும்மாவா, விஸ்வநத்தம் பட்டாசுக் கம்பெனியில் முப்பது வருஷமாகப் போர்மேன்.

"ஏம்மா, இது வெடியுப்புல்லா? இத வாயில போட்டு உரசச் சொல்லுதியா?"

கரியும் கந்தகமும் சேராமல் அது என்ன செய்யும், உங்களுக்குத் தெரியாததா என்றாள் மகள். இதே உப்பு பயிருக்கு உரமாம், பல்லில் தேய்த்தால் நரம்பு அடங்குமாம். அவருக்கும் தெரியும்தான். ஆனால் உரசாதே, உரசாதே என்று காலமெல்லாம் ஆட்களை அதட்டியவருக்குக் கை வரவேண்டுமே!

மறுநாள் காலையில் பீடி, தீப்பெட்டி, செல்போனை வாசலிலேயே வைத்தார். செருப்பைக் கழற்றினார். கம்பெனியில் உள்ளே நுழையுமுன் உடம்பு மின்சாரம் இறங்கத் தொடுகிற செம்புத் தகடு வீட்டில் ஏது? தண்ணீர்ச் செம்பைத் தொட்டுக்கொண்டார். கொல்லையில் ஒரு வாளி தண்ணீர், ஒரு வாளி மணல். அடுப்பைப் பற்றவைக்கக் கூடாது என்று மனைவி பாலம்மாளுக்கு உத்தரவு. அவள் காபியில்லாமல் தலையில் அடித்துக்கொண்டாள். அப்புறம்தான் பிரஷ் பல்லில் பட்டது. தினமும் இந்தக் கூத்துதான்.

ஹரிஷ்குமார் வீட்டார் வந்தார்கள். ஐஸ் போட்ட சர்பத்தும் வந்தது. கதவோரம் பிரீத்திகா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பலவேசம் ஒரே மடக்கில் குடித்துவிட்டு, முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்தார். அப்பாடா.

எதிரே மாப்பிள்ளையின் அப்பா ஒரு வாய் குடித்தார். முகம் அஷ்டகோணலானது.

பிரீத்திகாவுக்கு அழுகை முட்டியது. பலவேசம் மட்டும் எழுந்துபோய் அவர் தோளில் கை வைத்தார்.

"பல்லா அண்ணாச்சி?"

அவர் கண்கலங்கத் தலையாட்டினார்.

"கொல்லைக்கு வாங்க, மருந்து இருக்கு. தீப்பெட்டி இருந்தா மட்டும் இங்கனயே வச்சிருங்க."

பாலம்மாள் ஓடிப்போய் அடுப்பை அணைத்தாள்.