கெண்டைக்காலில் கிளம்பிய கட்டி

நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருகிற எல்லாருக்கும் அது வாயுதான். நான் நர்ஸாகி இத்தனை வருடத்தில் இந்தப் பாழாய்ப்போன வாயு என்னை விட்டபாடில்லை. அந்த லாரி டிரைவரும் அதையேதான் சொன்னார். உதடு நீலம் பூத்திருந்தது, பேச்சுக்கு நடுவே மூச்சு வாங்கியது. இருந்தாலும் வாயு!

"ஒரு சோடா குடிச்சா சரியாயிடும் சிஸ்டர்."

"பேசாம மாஸ்க்க போட்டுக்குங்க" என்றேன்.

இசிஜியில் மாரடைப்பு தெரியவில்லை. நாடி மட்டும் தறிகெட்டு ஓடியது. டாக்டரம்மா அவர் பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டிப் பார்த்தார். இடது கெண்டைக்கால் வலதைவிடப் பருத்து, சுட்டது.

"எங்கயாவது அடிபட்டுதா? எலும்பு ஏதும் முறிஞ்சுதா?"

எலும்பு முறிந்தால் கொழுப்புகூட ரத்தத்தோடு போய் நுரையீரலை அடைக்கும். அதற்காகத்தான் கேட்டார். அப்படி ஒன்றும் இல்லையாம். வழியில் இறங்கி ஒன்றுக்குப் போனால் நேரம் வீணாகும் என்று, தண்ணீரே குடிக்காமல் நாள் முழுக்க வண்டி ஓட்டுவாராம். அதைப் பெருமையாக வேறு சொன்னார். எனக்கு வந்த கோபத்துக்கு ரெண்டு வைத்திருப்பேன்.

ஸ்கேனில் விஷயம் வெட்டவெளிச்சமாகிவிட்டது. தண்ணீரில்லாமல் நாள் முழுக்க உட்கார்ந்தே கிடந்ததில் காலில் உறைந்த ரத்தக்கட்டி கிளம்பி, இதயத்தைத் தாண்டி, நுரையீரல் குழாயை அடைத்திருந்தது. கரைக்கும் மருந்தை ஏற்றினோம். கட்டி கரைந்தால்தான் ஆள் பிழைப்பார்.

"இந்தக் கால யாரும் அமுக்கக் கூடாது. மிச்சக் கட்டியும் கிளம்பிடும்" என்று டாக்டரம்மா அவரிடம் சொன்னது வாசல்வரை கேட்டிருக்கிறது. வெளியே வந்தால், அவர் மனைவி பேயறைந்தவள் போல் நிற்கிறாள்.

"கால் வலிக்குதுன்னாரு சிஸ்டர். காலையில நல்லா அழுத்திப் புடிச்சு விட்டேன். எந்திரிச்சு நாலடி வைக்கல, மூச்சு முட்டிருச்சு. நானே கொன்னுட்டேனா?"

"அது தானாவும் கிளம்பும்மா. நீ தொடாட்டியும் கிளம்பியிருக்கலாம். இதனாலதான்னு யாராலயும் சொல்ல முடியாது."

உண்மையைத்தான் சொன்னேன். அவள் காதில் ஏறவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவருகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க" என்றாள்.

சாயங்காலம் அவர் உதட்டில் நிறம் திரும்பியது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார்.

"காலையில என் சம்சாரம்தான் கால் புடிச்சு விட்டா. டாக்டர் சொன்னப்பவே எனக்குப் புரிஞ்சுபோச்சு. அவ காதுக்கு மட்டும் இது போயிடக் கூடாது சிஸ்டர். தாங்க மாட்டா."

இருவரையும் உட்காரவைத்து ஏசலாம் போலிருந்தது. வெளியே போய் அவளை உள்ளே அனுப்பினேன்.

அவள் கால்மாட்டிலேயே நின்றுவிட்டாள், இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு. அவர் கொஞ்ச நேரம் அவளைப் பார்த்தார். பிறகு, ஊசி குத்தாத கையை நீட்டினார்.

"இந்தப் பக்கம் வா. கை வலிக்குது. கொஞ்சம் புடிச்சு விடு."

அவள் பயந்துபோய் என்னைப் பார்த்தாள்.

"புடிச்சு விடும்மா" என்றேன்.