பதினொரு பேர் அழுத குதிரை

1.

இந்தக் கதை என்னுடையதல்ல, ஒட்டுக்கேட்டது. புதுக்குடியிருப்பு பஸ்ஸில், எனக்கு முன்னிருக்கையில், பிரியந்தினி என்ற தரம் பத்துப் பிள்ளை அன்று வகுப்பில் நடந்ததைத் தோழிக்குச் சொல்லிக்கொண்டு வந்தாள். ஒருமுறை திரும்பி, "ஆச்சி, கேக்குதோ? இன்னும் சத்தமாக் கதைக்கட்டோ?" என்றாள். ஓம் என்றேன். வெட்கப்பட்டால் எழுத முடியாது.

2.

தொடக்கம் எழுதிப் பார்த்தேன்: "வெள்ளைச் சீருடைகளின் மேல் காலைச் சூரியன்—"

சீ. எனக்குக் குரல்கள்தான் வரும், சூரியன் வராது. நேரே வகுப்பறைக்குப் போவோம்.

ஆங்கில இலக்கியம் படிப்பவர்கள் பன்னிரண்டு பேர். தவணைப் பரீட்சையில் ஒரு கவிதைக்கு நயம் எழுத வேண்டும். தன் குதிரை செத்ததற்கு ஒரு பிரபு இருபது வரி அழுகிறார். (கவிதை நான் கட்டியது. பாடப்புத்தகத்தில் தேடவேண்டாம்.) ரியூசன் குறிப்பைப் பாடமாக்கிய பதினொரு பேரும் பதினேழாம் வரியில் கண்ணீர் விட்டிருந்தார்கள். ஒரே வசனம், ஒரே கண்ணீர். பிரியந்தினி மட்டும் தனக்குச் சிரிப்பு வந்ததாக எழுதியிருந்தாள்.

"எழும்பு. ஏன் சிரிச்சனீ?" இது நேசமலர் மிஸ்.

"குதிரைக்குக் காய்ச்சல் எண்டு நாலாம் வரியில அவரே சொல்லுறார் மிஸ். பிறகும் ஏறியிருந்து மலைக்குப் போறார். செத்தாப் பிறகு அழுறார். எங்கட மாட்டுக்கு நான் அப்பிடிச் செய்தா அப்பா என்ர காலை முறிச்சுப்போடுவார்."

"இது உன்ர அப்பான்ர மாடில்லை. இலக்கியம்."

"இலக்கியத்தில காய்ச்சல் சுடாதோ மிஸ்?"

[அடிக்குறிப்பு: இதை வகுப்பிலேயே கேட்டாளா, பஸ் ஏறிய பிறகு சேர்த்தாளா என்பது சந்தேகம். நன்றாயிருந்தது, விட்டுவிட்டேன்.]

3.

முதலில் மிஸ்ஸைக் கொடுமைக்காரியாக எழுதினேன். "பிரம்பை ஓங்கி—" வெட்டிவிட்டேன். அவர் சொன்னது இவ்வளவுதான்:

"நாங்கள் படிக்கேக்கயும் பதினேழாம் வரியிலதான் அழுதனாங்கள். இந்தக் கேள்விக்குப் புள்ளி இல்லையெண்டா நீ பெயில். அடுத்த தவணை இதை விட்டிட்டுச் சித்திரப் பாடத்துக்குப் போகவேணும்."

"எனக்கு மாடும் கீற வராது, குதிரையும் கீற வராது மிஸ். எனக்கு இந்தப் பாடம்தான் வேணும்."

"அப்ப ரெண்டு வசனம் அழு. இதிலயே எழுது, புள்ளி போடுறன்."

"பொய்யோ மிஸ்?"

"பொய்யில்லை. நயம்."

"நீங்கள் வாசிச்சுக் காட்டுங்கோ. அழுகை வந்தா எழுதுறன்."

மிஸ் வாசித்தார். நாலாம் வரியில் காய்ச்சல். ஒன்பதாம் வரியில் குதிரை இருமியது. பிரபு அதற்குத் தைரியம் சொன்னார். பதினேழாம் வரியில் அதன் குளம்பை முத்தமிட்டார். பதினெட்டில், இனி வீட்டுக்கு நடந்தல்லவா போகவேண்டும் என்று விம்மினார்.

மிஸ்ஸிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. பிள்ளைகள் விம்மல் என்று நினைத்தார்கள்.

விம்மலில்லை.

4.

முடிவு ஒன்று: சிரித்த மிஸ் முழுப்புள்ளி போடுகிறார். அப்படியென்றால், சொல்லிக் கொடுத்தபடியே அழுத பதினொரு பேருக்கு என்ன போடுவது?

முடிவு இரண்டு: பிரியந்தினி இரண்டு வசனம் அழுது பாடத்தைக் காப்பாற்றிக்கொள்கிறாள். எழுதத் தொடங்கினேன். "என் கண்கள்—" கை வரவில்லை.

நடந்ததைச் சொல்லலாமே என்பீர்கள். மிஸ் சிவப்புப் பேனையை எடுத்தார் என்ற இடத்தில் பிள்ளை இறங்கவேண்டிய தரிப்பு வந்துவிட்டது. யன்னலால் எட்டிக் கத்தினேன்:

"பிள்ளை, மிஸ் எத்தினை புள்ளி போட்டவா?"

"நீங்களெண்டா எத்தினை போடுவியள் ஆச்சி?"

பஸ் எடுத்துவிட்டது.

இருபது புள்ளிக்குப் போடவேண்டும். நான் மூன்று நாளாகப் போடவில்லை. தாளை உங்களிடம் தருகிறேன். பார்த்துப் போடுங்கள், பதினொரு பேரும் உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.