வாலுவின் உயரம்

தையல்காரம்மாவுக்குக் கல்யாணம் ஆகவில்லை; ஆனால் ஒரு மகள் இருந்தாள். வம்பு கிடைத்தது என்று காதைத் தீட்ட வேண்டாம். அந்த மகள் அவள் மனசுக்குள் மட்டும்தான் இருந்தாள். வாலு என்று கூப்பிடுவாள்.

வரன் பேச்செல்லாம் அடங்கி, மாடி அறையில் ஒண்டியாகக் குடியேறிய வருஷம் வந்து சேர்ந்தவள் வாலு. அப்போது இடுப்பு உயரம்கூட இல்லை. இவள் தட்டைக் கழுவும்போது பக்கத்தில் நின்று தொணதொணப்பாள். பைத்தியக்காரத்தனம் என்பீர்கள். தினமும் பூட்டைத் திறந்துகொண்டு காலி வீட்டுக்குள் போய்ப் பாருங்கள், அப்புறம் பேசலாம்.

வாலுவைக் குட்டியாகவே வைத்திருக்கலாம், யார் கேட்கப் போகிறார்கள்? தொழில் விடவில்லை. பள்ளிச் சீருடைகளின் கீழ்மடிப்பை வருஷா வருஷம் பிரித்து நீளம் கூட்டித் தைப்பவள் அவள். ஊர்ப் பிள்ளைகளெல்லாம் மளமளவென்று வளர, தன் பிள்ளையை மட்டும் நிறுத்திவைக்க மனசு வரவில்லை. வாலுவும் தோளுக்கு மேல் வளர்ந்து, வாய்க்கு வாய் பேசினாள்.

விஷயம் தெரிந்த ஒரே ஆள் அக்கா. ஒருமுறை வாய்தவறிச் சொல்லப்போய், "உனக்கென்ன கிறுக்கா? வெளிய சொல்லிக்காத, மானம் போயிடும்" என்று வாங்கிக் கட்டிக்கொண்டாள். பிறகு இருவரும் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

அன்று மத்தியானம் கடையில் மெஷின் மேலேயே தலை சாய்த்துக் கண் அயர்ந்தாள். கனவில் வாலு பெட்டியோடு வாசலில் நின்றாள்.

"வெளியூர்ல வேலை கெடைச்சிருக்கும்மா. கெளம்பறேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியாடி?"

"கேட்டா விடுவியா?"

சிரித்துக்கொண்டே படியிறங்கிப் போய்விட்டாள்.

விழித்ததும் வாசலை எட்டிப் பார்த்தாள். நான் கற்பனை பண்ணின பிள்ளைதானே, கூப்பிட்டால் வராமலா போவாள் என்று வீம்பாகக் கண்ணை மூடினாள். பழைய இடுப்பு உயர வாலுவை இழுத்து வந்து பக்கத்தில் நிறுத்தினாள். அது வாயே திறக்கவில்லை. துணிக்கடைப் பொம்மை மாதிரி நின்றது. இத்தனை வருஷம் நம்பியது நிஜமென்றால் இந்தக் கனவும் நிஜம்தான் என்று அவளுக்குப் பட்டது. வளர்ந்த பிள்ளை கிளம்பத்தான் செய்யும். போகட்டும் என்று விட்டுவிட்டாள். அழுகைகூட வரவில்லை, வந்திருந்தாலாவது தேவலை.

சாயங்காலம் அக்கா போன் செய்தாள்.

"என்னடி, குரல் ஒரு மாதிரி இருக்கு?"

திட்டு விழும் என்று தெரிந்தேதான் சொன்னாள். "வாலு வேலைக்குப் போயிட்டாக்கா. வெளியூர்."

லைன் போய்விட்டதோ என்று போனை எடுத்துப் பார்த்தாள். அப்புறம் அக்கா தொண்டையைச் செருமுவது கேட்டது.

"வழிக்குச் சாப்பிட ஏதாவது கட்டிக் குடுத்தியா?"

"இல்லேக்கா. வெறும் வயித்தோட அனுப்பிட்டேன்" என்றவள், கடை என்றும் பாராமல் ஓவென்று அழுதாள்.