பக்கம் அறுத்த பூட்டு

எங்கள் நாரந்தனையில் ஆள் இருக்கும் வீடுகளைவிடப் பூட்டிக் கிடக்கும் வீடுகள்தான் அதிகம். சொந்தக்காரர்கள் கனடாவிலும் லண்டனிலும். கூட்டிப் பெருக்கி விளக்கு வைப்பது ஊரில் மிஞ்சிய பெண்கள். கோயில் திருவிழாவுக்கு வருகிறவர்கள் போகும்போது மறதியில் வீட்டுத் திறப்பையும், அதுதான் சாவியையும், காற்சட்டைப் பைக்குள் கொண்டுபோய்விடுவார்கள். பிறகு அங்கிருந்து தொலைபேசி எடுத்து, மழைக்குக் கூரை ஒழுகுதா என்று உள்ளே போய்ப் பார்க்கச் சொல்வார்கள்.

ஞானசவுந்தரி அக்கா அப்படித்தான் போன மாரியில் அகப்பட்டார். அவர் பார்க்கும் வீட்டின் திறப்பு லண்டனில். பக்கத்து வீட்டுக்காரர் உதவி செய்கிறேன் என்று கோடரியால் கதவைப் பிளந்து கொடுத்தார். லண்டன்காரர் அக்காவைக் கள்ளி என்று சொல்லிவிட்டார். அன்று அக்கா சாப்பிடவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திறப்பில்லாமலும் உடைக்காமலும் பூட்டைத் திறக்க இந்தப் பெண்களுக்குப் படிப்பிப்பது என்று முடிவெடுத்தேன்.

நான் ஊர்காவற்றுறையில் ஓர் இரும்புக்கடையில் வேலை செய்கிறேன். உள்ளே என்ன நடக்கிறதென்று கண்ணால் கண்டால்தான் பூட்டு கைக்குப் பிடிபடும். ஆகவே பித்தளைப் பூட்டை இடுக்கியில் இறுக்கி, ஒரு பக்கத்தை இரும்பு அறுக்கும் வாளால் மெல்ல அறுத்து, அரத்தால் ராவி ஜன்னல் போலத் திறந்தேன். கொஞ்சம் ஆழமாக அறுத்தால் உள்ளிருக்கும் ஸ்பிரிங்குகள் தெறித்து ஓடிவிடும். அப்படிச் சில பூட்டுகள் நாசமாயின. சரியாக வந்தவற்றில் குட்டி ஊசிகள் வரிசையாக நிற்பதும், உள்ளே விட்ட கம்பி தூக்க ஒவ்வொன்றாக மேலே போய் மாட்டிக்கொள்வதும் நன்றாகத் தெரிந்தன. ஞாயிற்றுக்கிழமைகளில் வாசிகசாலையில் வகுப்பு. குடைக்கம்பியை வளைத்து, முதல் ஆளாக வந்த அக்கா தொடங்கி எல்லோருக்கும் கொடுத்தேன்.

இந்தச் செய்தி வாசிகசாலைத் தலைவர் அம்பலவாணரின் காதுக்குப் போனது. வகுப்பு நடுவிலேயே வந்து நின்றார்.

"பிள்ளை, நீர் ஊருக்குள்ளை கள்ளரை வளக்கிறீர்."

"கள்ளனுக்குக் கோடாலி ஒண்டே காணும் ஐயா. அவனுக்கு என்னத்துக்கு வகுப்பு?"

"வாய் காட்டாதையும்."

மேசையில் இருந்த அறுத்த பூட்டுகளை எல்லாம் அள்ளி, சுவரோரம் இருந்த அலுமாரிக்குள் போட்டுப் பூட்டினார். திறப்பைச் சட்டைப்பைக்குள் வைத்துத் தட்டிக்கொண்டார். அவை இல்லாமல் எதைக் காட்டிப் படிப்பிப்பது? மாதக்கணக்கில் விரல் தேய ராவியவை. எனக்கு அழுகை வரப் பார்த்தது. அவர் முன்னால் அழுவதாவது.

அப்போதுதான் அலுமாரியில் தொங்கிய பூட்டைக் கவனித்தேன். மொத்தமாக எடுத்தால் மலிவு என்று எங்கள் கடையில் இவரேதான் பெட்டியோடு வாங்கி, கோயில், வாசிகசாலையிலிருந்து ஆளில்லாத வீடுகள் வரை ஊர் முழுக்க ஒரே மாதிரிப் பூட்டைக் கொழுவியிருந்தார். நான் அறுத்தவையும் அதே பூட்டுகள்தான்.

நான் எழும்புவதற்குள் ஞானசவுந்தரி அக்கா எழுந்துவிட்டார். அறுக்காத பூட்டு ஒன்றை அவர் அதுவரை திறந்ததே இல்லை.

"நான் பாக்கிறன் மேனுகா," என்றார் என்னிடம்.

"உம்மாலை ஏலாது," என்று அம்பலவாணர் சிரித்தார்.

அக்கா குடைக்கம்பியைப் பூட்டுக்குள் விட்டார். முதல் தடவை கம்பி வழுக்கிவிட்டது. அக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு திரும்பவும் தொடங்கினார். இந்தப் பூட்டில் ஜன்னல் இல்லை. ஆனால் உள்ளே எந்த ஊசி எங்கே நிற்கிறதென்று அவருக்குப் பார்த்துப் பார்த்து மனப்பாடம். பூட்டு திறந்தபோது அம்பலவாணரின் கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. திறப்பு அங்கேதான் இருந்தது.

அக்கா என் பூட்டுகளை மட்டும் எடுத்து மேசையில் வைத்தார். பிறகு அலுமாரியை முன்போலவே பூட்டி, ஒருமுறை இழுத்துப் பார்த்தார்.

"ஒண்டும் உடையேல்லை ஐயா. என்னைக் கள்ளி எண்டு சொல்லுறதெண்டால் இப்ப என்ரை முகத்தைப் பாத்துச் சொல்லுங்கோ."

அவர் வாசல் வரை போய், வாசிகசாலைக் கதவை அடுத்த ஞாயிறு திறந்துவிடப் போவதில்லை என்று மட்டும் சொன்னார்.

"பரவாயில்லை ஐயா," என்றார் அக்கா. "நீங்கள் வீட்டிலை இருங்கோ. நாங்கள் திறக்கிறம்."