பெல்கோலா வீட்டுச் சுவரில் பனியின் உயரம்

வீட்டைச் சூடாக்கும் உலையைப் பொருத்த வந்த சைமா கோட்டிலா கடைசி மூட்டில் பசை தடவினாள். குழாயைச் செருகி, கால் சுற்று திருகி, முப்பது எண்ணும்வரை அழுத்திப் பிடித்தாள். மணி பன்னிரண்டு.

இரண்டு வெள்ளைக் குழாய்கள். ஒன்று உலை எரிய வெளிக்காற்றை இழுத்து வரும். மற்றது எரிந்த புகையை வெளியே தள்ளும். நிலவறையில் புது உலையிலிருந்து கிளம்பி, கிழக்குச் சுவரைத் துளைத்து, தரைக்கு இரண்டரை அடி மேலே இரண்டும் எட்டிப் பார்த்தன.

பழைய உலை செவ்வாய்க்கிழமை விரிசல் விட்டது. எரிவாயு வால்வை மூடி அதிகாரிகள் முத்திரை வைத்தார்கள். வீட்டுக்காரர் ரெய்னோ பெல்கோலா அன்றிலிருந்து தோட்டத்து நீராவிக் குளியலறையான சௌனாவில் படுத்துக்கொள்கிறார். விறகடுப்பும் மரப்பலகையும் அவருக்குப் போதும். ஆனால் மகன் எரிக், மருமகள் மார்சி இருவரும் நாளைக் காலை ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறார்கள், மூன்று நாள் குழந்தையோடு. இன்று மூன்று மணிக்கு ஆய்வாளர் ட்ரெவாரோ வருவார். அவர் கையெழுத்துப் போட்டால் முத்திரை உடையும். போடாவிட்டால் திங்கட்கிழமை வரை குளிர்ந்த வீடு.

"மூணு மணி நேரம் மிச்சம்," என்றாள் சைமா.

"மோசமில்ல," என்றார் ரெய்னோ. பின்னிஷ் குடும்பங்கள் குடியேறிய அந்த ஊரில் இதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது.

பக்கத்து வீட்டு ஹில்யா ஏலக்காய் ரொட்டியோடு வேலியைச் சுற்றி வந்தாள். குழாய்களைப் பார்த்து நின்றாள்.

"இது என்ன ரெய்னோ, பூனைக்கு வாசலா?"

"புகைக்கு."

"பனி வந்தா?"

"இந்தப் பக்கம் முழங்காலைத் தாண்டாது."

ஹில்யா ரொட்டியை ஏணிப்படியில் வைத்துவிட்டுச் சிரித்தாள். "யாரு முழங்கால்? ஒட்டகச்சிவிங்கியோடதா?"

சைமா கையுறையைக் கழற்றினாள். நவம்பர் முதல் வாரம். பனி இன்னும் விழவில்லை. விழுந்த பிறகு அதன் மட்டத்துக்கு ஓரடி மேலே குழாய் வாய் இருக்க வேண்டும். ஒவ்வொரு சுவருக்கும் ஒவ்வொரு காற்று. அதனால் வீட்டுக்காரரைத்தான் கேட்க வேண்டும். கேட்டிருந்தாள். முழங்கால் என்றார். எழுதிக்கொண்டாள்.

"நீங்க எவ்வளவு பார்த்தீங்க, ஹில்யா?"

"இவன் இடுப்பு ஆபரேஷன்னு ஆஸ்பத்திரியில கிடந்தானே, அந்த வருஷம் பூனைக்குச் சோறு வைக்க நான்தான் வந்தேன். பனி அந்த ஜன்னல் திட்டுல உக்காந்து உள்ள எட்டிப் பார்த்துட்டு இருந்துச்சு."

ஜன்னல் திட்டு நாலரை அடி உயரத்தில் இருந்தது.

"அது நான் இல்லாத வருஷம்," என்றார் ரெய்னோ. "அதைக் கணக்குல சேர்க்கக் கூடாது."

"மத்த வருஷம்?" என்றாள் சைமா.

"மத்த வருஷம் தினம் காலையில அஞ்சு மணிக்கு வாரிடுவேன். நாப்பது வருஷமா."

"நான் பனி எவ்வளவு விழும்னு கேட்டேன். நீங்க வாரினது போக மிச்சம் எவ்வளவுன்னு சொல்லியிருக்கீங்க."

ரெய்னோ அவளைப் புரியாமல் பார்த்தார். "வாராம எவன் விடுவான்?"

அவர் பொய் சொல்லவில்லை. சுவரோரம் பனியை நிற்கவிடுவது அந்தத் தெருவில் உள்ளாடையை வாசலில் காயப்போடுவதற்குச் சமம். வாராத பனி என்று ஒன்றை அவர் நினைத்துப் பார்த்ததே இல்லை.

"ட்ரெவாரோ ஒத்துப்பாரா, மாட்டாரா?" என்று கேட்டார்.

"ஒத்துப்பார். அவரும் உங்களைத்தான் கேப்பார்."

"அப்புறம் என்ன? நான் வாரிக்கிறேன்."

"உங்களுக்குக் காய்ச்சல் வந்தா? காற்று வர்ற வாய் அடைஞ்சா உலை அணையும், அது பரவாயில்ல. புகை போற வாய் பனிக்குழியில மூச்சு விட்டா, விட்ட புகையையே மத்த குழாய் இழுக்கும். எரியுறது கெட்டு விஷவாயு உண்டாகும். வாசனையும் இருக்காது. வீட்ல பச்சப்புள்ள."

ரெய்னோ ஜன்னல் திட்டைப் பார்த்தார். இந்த முறை ஹில்யா சிரிக்கவில்லை.

சைமா உலையோடு வந்த கையேட்டைப் புரட்டினாள். குழாயை மேலே கொண்டுபோனால் வளைவு இரண்டு கூடும். நீளம் ஒன்பதடி கூடும். கையேடு இடம் கொடுத்தது. ரம்பத்தை எடுத்தாள்.

ஒட்டிய குழாயைக் கழற்ற முடியாது. அறுக்கத்தான் வேண்டும். காலை முழுக்கச் செய்த வேலை நாலு நிமிஷத்தில் துண்டாகிக் கீழே கிடந்தது.

"மேல போற வழி உங்க அலமாரிக்குள்ள," என்றாள். "காலி பண்ணுங்க."

"அதுல தூண்டில் இருக்கு."

"தூண்டிலைத் தொட்டில்ல போடு," என்றாள் ஹில்யா. "புள்ள வந்தா எடுத்துக்கலாம்."

அலமாரி அறை காலியானது. பதினேழு தூண்டில்கள், மூன்று கோட்டுகள், யாருடையதென்று தெரியாத ஒரு தொப்பி. சைமா தரைப்பலகையில் இரண்டு துளை போட்டாள். ஆளுயரத்தில், ஜன்னலிலிருந்து நாலடி தள்ளி, வெளிச்சுவரில் இரண்டு துளை. வெளியே தரையிலிருந்து அளந்தால் எட்டடி.

"பசை குளிர்ல கெட்டியாயிடுச்சே," என்றார் ரெய்னோ. "சௌனா அடுப்பு மேல வெச்சுக் கொண்டு வரவா?"

"வெச்சா நீங்களும் சௌனாவும் சேர்ந்து வெடிச்சு, எல்லை தாண்டிக் கனடாவுல போய் விழுவீங்க. அது தீப்பிடிக்கிற சரக்கு." டப்பாவை வாங்கிக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டாள். உடம்புச் சூடு போதும்.

அறுத்த ஓரங்களைக் கத்தியால் வழித்தாள். முதலில் குழாயின் மேற்பரப்பை இளக்கும் ஊதா நிற ப்ரைமர், பிறகு பசை, கால் சுற்று, முப்பது எண்ணிக்கை. ரெய்னோ கீழேயிருந்து குழாயைத் தாங்கிப் பிடித்தபடி பின்னிஷ் மொழியில் எண்ணினார். மெதுவாக எண்ணினார். அவள் அவசரப்படுத்தவில்லை.

படுக்கையாகப் போகும் இடங்களில் ரசமட்டம் வைத்துப் பார்த்தாள். அடிக்குக் கால் அங்குலம் உலைப் பக்கம் சரிய வேண்டும். புகையில் வரும் தண்ணீர் திரும்பி ஓடிவந்து வடிகாலில் விழ வேண்டும். நடுவில் தேங்கினால் உறையும். ஓரிடத்தில் குமிழி நடுவில் நின்றது. குழாயைத் தாங்கும் தொங்கு பட்டையை ஒரு துளை ஏற்றினாள். குமிழி நகர்ந்தது.

வெளியே ஏணியில் ஏறினாள். காற்று இழுக்கும் வாயைக் கீழ் நோக்கித் திருப்பினாள். புகை வாயை அதற்கு ஓரடி மேலே நேராக விட்டாள். குருவி நுழையாமல் வலை. சுவர் இடுக்கில் அடைப்புப் பசை. கீழே பழைய துளைகளுக்கு மரக்கட்டை அறைந்து மூடினாள்.

ட்ரெவாரோ இரண்டு ஐம்பதுக்கே வந்துவிட்டார். கொழுத்த மனிதர். முதலில் ரொட்டியைப் பார்த்தார், பிறகு மூடிய துளைகளைப் பார்த்தார்.

"இது என்ன?"

"என் தப்பு," என்றாள் சைமா.

"என் தப்பு," என்றார் ரெய்னோ.

"ரெண்டு பேரும் தப்பு," என்றாள் ஹில்யா. "நான்தான் கண்டுபிடிச்சேன். அதையும் எழுதிக்குங்க."

ட்ரெவாரோ எழுதவில்லை. ஒவ்வொரு மூட்டையும் விளக்கடித்துப் பார்த்தார். வெளியே அளவுநாடாவைப் பிடித்துக்கொண்டு ரெய்னோவிடம் திரும்பினார்.

"இந்தச் சுவர்ல பனி எவ்வளவு வரும், ரெய்னோ?"

ரெய்னோ சுவரைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"ஜன்னல் திட்டு வரைக்கும்," என்றார். "நான் வாராம விட்டா."

"நீ வாராம விட்டியா?"

"ஒரு வருஷம்," என்றார் ரெய்னோ, தலை குனிந்தபடி.

ட்ரெவாரோ தாளில் நாலரை என்று எழுதினார். "பசை காயட்டும். காப்பி போடு."

மூன்று கோப்பை காப்பிக்குப் பிறகு முத்திரையை வெட்டினார். சைமா வால்வைத் திறந்தாள். சின்ன விசிறி சுழன்றது. ஒரு சொடுக்கு. நீலச் சுடர் வரிசையாக ஓடிப் பிடித்தது. அவள் கருவியோடு மூட்டு மூட்டாகப் போய்க் கசிவு பார்த்தாள். எங்கும் இல்லை. வெளியே எட்டடி உயரத்தில் வெள்ளையாகப் புகை கிளம்பி வேலிப் பக்கம் போயிற்று.

ட்ரெவாரோ கையெழுத்துப் போட்டுவிட்டு மிச்ச ரொட்டியைக் கட்டித் தரச் சொன்னார்.

ரெய்னோ மகனைத் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"எரிக், நான்தான். வீடு மோசமில்ல. கொண்டு வாங்க." கொஞ்சம் கேட்டார். "இல்ல, இல்ல, சூடாத்தான் இருக்கு. நாளைக்கு இன்னும் சூடா இருக்கும்." இன்னும் கொஞ்சம் கேட்டார். "குழாயா? உயரமாத்தான். நீ வந்து பாரு."

சைமா கருவிகளைப் பெட்டியில் அடுக்கினாள். விடைபெற உள்ளே போனபோது ரெய்னோ முன்னறையில் காலுறையோடு, தரையில் சூட்டுக்காற்று வரும் கம்பிச்சட்டத்தின் மேல் நின்றுகொண்டிருந்தார். குனிந்து உள்ளங்கையை அதன் மேல் வைத்தார். கொஞ்ச நேரம் வைத்திருந்தார். பிறகு எழுந்து, தொட்டிலை அதற்கு அப்பால் ஓரடி நகர்த்திப் போட்டார்.

"சூடு ஜாஸ்தி," என்றார்.