நாரை குடிவந்த படம்

நான் வரைந்த படத்தில் குடியேற ஒரு செங்கால் நாரை குச்சியோடு வந்தது. சிரிக்காதீர்கள், லுத்விக்கே சாட்சி.

லுத்விக் எங்கள் ஊரின் ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர். தீயணைப்பு வீரர்களின் விழாவுக்கு அவர்கள் கூடத்தில் எந்தப் படத்தை மாட்டுவது என்று முடிவு செய்பவர் அவர்தான். எனக்கோ அந்தச் சுவர்மேல் தீராத ஆசை. விஸ்துலா ஆறு, வில்லோ மரங்கள், கம்பத்து உச்சியில் நாரைக்கூடு எல்லாம் வரைந்து, காய்வதற்காகத் தோட்டவேலியில் சாய்த்து வைத்தேன். பார்க்க வந்த லுத்விக் உதட்டைப் பிதுக்கினார்.

"இது லாண்ட்ஷாஃப்டுய்யா, கயேத்தான்."

பழைய போலிஷ் புத்தகங்களில் அந்தச் சொல்லுக்கு இயற்கைக்காட்சி ஓவியம் என்று கௌரவமான பொருள். இப்போதோ, சோபாவுக்கு மேலே மாட்டச் சந்தையில் விற்கும் மட்டமான படம்.

"பழைய அர்த்தத்துலதானே சொல்றீங்க?"

"சந்தை அர்த்தத்துல. அந்தக் கூட்டுல ஈகூட உக்காராது."

அப்போதுதான் தோட்டமே இருண்டது. விரித்த இறக்கை, இரண்டு வைக்கோல் வண்டிகளின் அகலம் இருக்கும். வேலியில் இறங்கிய நாரை, அலகிலிருந்த குச்சியை நான் வரைந்த கூட்டின்மேல் பதவிசாக வைத்தது. ஈர வண்ணத்தில் குச்சி ஒட்டிக்கொண்டது. லுத்விக் தொப்பியைக் கழற்றினார்.

விழாவன்று என் படம் அந்தச் சுவரில் தொங்கியது. "குச்சிய இவரே ஒட்டிட்டாரா?" என்று தீயணைப்புத் தலைவர் கேட்டார்.

"இல்லய்யா, நாரைதான் வெச்சுது. நான் பக்கத்துலயே நின்னேன்," என்றார் லுத்விக். "லாண்ட்ஷாஃப்ட். பழைய அர்த்தத்துல."